கண்ணாடியில் பட்ட விரல்கள்

ரிமோட் அக்கா என்று அவளுக்குப் பெயர் வந்ததற்கு அவளேதான் காரணம். கணவர் இறந்து, அவருடைய வீடியோ கேம் கடையை அவள் நடத்த வந்த முதல் வாரத்தில், ஒருவன் வந்து கன்ட்ரோலர் வேண்டும் என்று கேட்டான். அவள் அலமாரி முழுக்கத் துழாவிவிட்டு, "கன்ட்ரோலர் இல்லப்பா, ரிமோட்தான் இருக்கு. ரெண்டு குமிழ் துருத்திக்கிட்டு இருக்கும், பரவாயில்லையா?" என்றாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையே வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலத்துக்குள் பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அது நடந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவளுக்கு எல்லாவற்றின் சரியான பெயரும் தெரியும். இருந்தாலும் ரிமோட் என்றுதான் சொல்வாள். சிரித்தவன் வெறுங்கையோடு போகக் கூச்சப்படுவான் என்று ஒரு எண்ணம்.

செருப்புக் கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான கடை. முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி, ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. காலையில் பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அதன்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பாள். இன்றைக்கு வருகிறவர்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேரவேண்டும் என்பதுதான் வேண்டுதல். வியாபாரம் நடக்கவேண்டும் என்று அவள் கேட்டதில்லை. அதெல்லாம் கடவுளுக்குத் தெரியாதா என்பாள்.

அவள் ஒரு நாளும் கேம் ஆடியதில்லை. ஆனால் எந்தப் பெட்டி ஓடும், எந்தப் பெட்டி படுத்துவிடும் என்பதை அந்த வட்டாரத்தில் அவளைப்போல் சொன்னவர்கள் இல்லை. பெட்டி என்று அவள் சொல்வது டிவியில் மாட்டி கேம் ஆடுகிற மெஷினை. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி புதுப் பெட்டி விடும். வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு பெரிய போஸ்டர் வரும். மேலே விலை. கீழே, அந்தப் பெட்டியில் என்னென்ன கேம் ஆடலாம் என்று படம் படமாக இருக்கும். அதைக் கண்ணாடியின் உட்பக்கம் தெருவைப் பார்த்து ஒட்டவேண்டும். எத்தனை பெட்டி வேண்டும் என்று எட்டாம் நாள் ஏஜென்ட் வந்து கேட்பான். கூடச் சொன்னால் பெட்டி தங்கிவிடும். குறைத்துச் சொன்னால் வந்தவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான்.

முதல் தடவை அவளுக்கு ஒன்றும் தெரியாது. போஸ்டர் ஒட்டிய மறுநாளிலிருந்து கண்ணாடி முழுக்க விரல் அடையாளம். தினமும் திட்டிக்கொண்டே துடைத்தாள். நாலாம் நாள் துணியோடு நிற்கும்போதுதான் கவனித்தாள், அழுக்கு ஒரே இடத்தில் விழுகிறது. கார்ப் பந்தயப் படத்தின்மேல் ஒரு கொத்து, குதிரைமேல் ஒருவன் வாளோடு நிற்கிற படத்தின்மேல் இன்னொரு கொத்து. பிள்ளைகள் கையை எடுக்காமல் ஒரு கேமிலிருந்து அடுத்த கேமுக்கு இழுத்துக்கொண்டு போன கோடுகள். அவள் துணியைக் கீழே போட்டுவிட்டாள். எட்டாம் நாள் நாற்பது பெட்டியும், அந்த இரண்டு கேமிலும் கூடுதலும் கேட்டாள். ஏஜென்ட் சிரித்தான். மூன்றே நாளில் கடை காலியாகிவிட்டது.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிப் போனது. போஸ்டர் ஒட்டினால் ஏழு நாள் கண்ணாடியைத் துடைக்கக்கூடாது. ஏழாம் நாள் சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே போய் நின்று பார்ப்பாள். விரல் கேம்மேல் பட்டிருந்தால் நல்லது. விலைமேல் பட்டிருந்தால் அது பெற்றவர்களின் விரல். "பாத்தியா, என்ன விலை போட்டிருக்கான்" என்று வீட்டுக்காரிக்குக் காட்டிய விரல். அந்தப் பெட்டி ஓடாது.

இரண்டாம் பெட்டிக்கு அப்படித்தான் ஆனது. விலை கொள்ளை விலை, சொல்லிக்கொள்ள ஒரு கேம் இல்லை. அவள் ஆறே ஆறு பெட்டி கேட்டாள். அப்போது எதிர்ப்பக்கம் ஒரு கேம் கடை இருந்தது. அந்த எதிர்க்கடைக்காரர் அறுபது எடுத்தார். "ஒரு பொம்பளை கண்ணாடியைப் பாத்துக் குறி சொல்லுது, நான் மெஷினைப் பாத்து வாங்குறேன்" என்று கேலி பேசினார். ஒரு வருஷம் ஈ ஓட்டிவிட்டுக் கடையைக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே மருந்துக் கடை. அவர் ஏஜென்டின் சரக்கு வேன் ஓட்டுகிறார்.

மூன்றாம் பெட்டிக்கு விரலெல்லாம் கேம்மேல்; அதுவும் ஓடியது. இந்தத் தடவை, நாலாம் பெட்டிக்கு, போஸ்டரை ஒட்டியது அவளுடைய தம்பி. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். ஆறு வயதில் சைக்கிள் சங்கிலிக்குள் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டான். ரத்தம் சொட்டச் சொட்ட அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். விரல் பிழைத்தது, நுனியில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, இரண்டு வருஷமாக அக்கா கடையிலேயே இருக்கிறான். நாற்பத்தொரு வயது. அக்கா நிழலில் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் சிரிப்பான். சிரிப்பு கண்வரை போகாது.

ஏஜென்ட் அவனிடம் தனியாக ஒன்று சொல்லியிருந்தான். முதல் லோடு எண்பது பெட்டி, இரண்டாம் லோடு எண்பது. இரண்டையும் எடுத்தால், புது வணிக வளாகத்தில் கம்பெனி ஒரு கடை தரும், தம்பி பெயரில் போர்டு. எடுத்த பெட்டியைத் திருப்ப முடியாது. அத்தனை பெட்டிக்கும் ஈடாகக் கடைப் பத்திரம் கம்பெனியிடம் இருக்கும். விற்று முடிந்ததும் பத்திரம் வரும்.

தம்பி வந்து சொன்னதும், "விக்கலன்னா?" என்றாள் அக்கா.

"நீ எப்பவும் விக்கலன்னாலயே ஆரம்பிப்பே" என்றான் தம்பி.

"கடை ஒண்ணுதானேடா இருக்கு. அதுவும் போச்சுன்னா நீயும் நானும் எங்க போய் நிக்கிறது?"

"சரி, உன் கண்ணாடி சொல்லட்டும். அது சொல்றபடி செய்யலாம். போதுமா?"

அவள் ஒப்புக்கொண்டாள். கண்ணாடி பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

போஸ்டர் அழகாகத்தான் இருந்தது. கறுப்பு நிறம். மேலே விலை. போன பெட்டி ஒரு மாசச் சம்பளம் என்றால், இது இரண்டரை மாசச் சம்பளம். கீழே கார், வாள் வீரன், மீன் என்று படம் படமாகப் பன்னிரண்டு கேம். அவள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒன்பது கேமின் அடியில் எறும்பு மாதிரி சின்ன எழுத்தில் ‘விரைவில்’ என்று இருந்தது. முதல் நாள் கையில் கிடைப்பது மூன்றுதான்.

"விரைவில்னா எப்போ?"

"வந்துரும்கா. இவ்ளோ பெரிய கம்பெனி, கேம் இல்லாமயா பெட்டி விடுவான்?"

முதல் நாள் கண்ணாடியில் ஒரு விரல்கூடப் படவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், நின்றார்கள், மேலே பார்த்தார்கள். பிறகு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், எப்போதும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறவர்கள், ஓரடி தள்ளி நின்று படித்துவிட்டுப் பேசாமல் நடந்தார்கள். அவர்கள் சத்தம் போடாமல் போனது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

மூன்றாம் நாள் தையல்காரர் வந்தார். ஐம்பது வயது, ஆண்களுக்குச் சட்டை தைக்கிறவர், கால்பந்து கேம் பைத்தியம். பதினாறு வருஷத்தில் எந்தப் பெட்டி வந்தாலும் முதல் ஆளாக வாங்குகிறவர் அவர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போஸ்டரை மேலிருந்து கீழே வரை படித்தார்.

"என்னங்க, இந்தத் தடவையும் உங்க பேரு மொதல்ல எழுதிடட்டுமா?" என்றாள்.

"எழுதாதீங்கக்கா."

"வீட்டுல சண்டையா?"

"சண்டை போடக்கூட இதுல ஒண்ணும் இல்லக்கா. மூணு கேம். அதுல ரெண்டு என்கிட்ட இருக்கிற பழைய பெட்டியிலயே வருது. மீதி ஒண்ணு மீன் பிடிக்கிறது. ரெண்டரை மாசச் சம்பளத்தைக் குடுத்து நான் மீன் பிடிக்கவா? அதுக்கு ஆத்துக்கே போயிருவேன்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தொடாமலேயே போய்விட்டார். அன்று சாயங்காலம் தம்பியிடம், "பெட்டிங்கிறது வாசல்தாண்டா. கேம்தான் வீடு. வீடு இல்லாத வாசலுக்கு யாரு காசு குடுப்பா?" என்றாள். அவன் அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். ஏற்கனவே ஒழுங்காக இருந்த அலமாரி அது.

நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. தம்பிதான் கடையைப் பார்த்துக்கொண்டான், கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான், நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "கடை எப்படிடா?" என்றால், "நீ வந்து பாரேன்" என்றான்.

ஆறாம் நாள் சாயங்காலம் மெதுவாக நடந்து போனாள். தூரத்திலேயே தெரிந்தது. கண்ணாடி முழுக்க விரல். பன்னிரண்டு கேம்மேலும் விரல். விலைமேல் ஒன்றுகூட இல்லை.

"பாத்தியாக்கா? ரெண்டு நாளா ஒரே கூட்டம். நீ இல்லாத நேரம் பாத்து வந்துட்டாங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடவுளே, இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டினாயே என்று அங்கேயே நின்று கும்பிட்டாள். எட்டாம் நாள் ஏஜென்ட் வந்தான். இரண்டு லோடுக்கும் கையெழுத்துப் போட்டாள். கடைப் பத்திரத்தைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஏஜென்ட் துணியை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டான். வெறும் துணி கையில் இருந்தது. அதை மடித்துப் பின்னால் வைத்தாள்.

கையெழுத்துப் போட்ட அன்றே கண்ணாடியைத் துடைத்துவிடுவது வழக்கம். தம்பி தடுத்துவிட்டான். "வெளியீட்டு நாள் வரைக்கும் இருக்கட்டும்கா. நாலு பேரு பாத்தா அவங்களுக்கும் ஆசை வரும்."

இருந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் அந்தக் கண்ணாடியில் புதிதாக ஒரு விரல்கூடச் சேரவில்லை. அதை அவள் கவனிக்காமல் இல்லை. தொடவேண்டியவர்கள் எல்லாம் தொட்டுவிட்டார்கள் போல என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசு பாதிதான் கேட்டது.

வெளியீட்டுக்கு முந்தின நாள் மதியம் வேன் வந்தது. எதிர்க்கடைக்காரராக இருந்தவர்தான் இறங்கினார். எண்பது பெட்டியையும் ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். அலமாரி நிறைந்து, பின் அறை நிறைந்து, கழிவறைக்குப் போகிற வழியும் அடைபட்டுவிட்டது. மேல்வரிசை கூரை மின்விசிறியைத் தொட்டுவிடும் போலிருந்ததால் தம்பி விசிறியை நிறுத்தினான். கறுப்பு அட்டைப் பெட்டிகள் வெளிச்சத்தைக் குடித்துவிட்டன. பட்டப்பகலில் கடைக்குள் இருட்டு.

வேன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க குறி என்னம்மா சொல்லுது?"

"நல்லாத்தான் சொல்லுது. ஏன், அப்போ மாதிரி இப்பவும் சிரிக்கப் போறீங்களா?"

"இல்லம்மா. சிரிச்சதுக்குத்தான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்." வேனுக்குப் போனவர் திரும்பி வந்தார். "நாலஞ்சு ஊர்ல இறக்கிட்டு வர்றேன். எல்லா இடத்துலயும் கண்ணாடி சுத்தமா இருக்கு. உங்களுது மட்டும்தான் இப்படி. நாளைக்கு மதியம் ரெண்டாவது லோடும் நான்தான் கொண்டாரணும். காலையில வித்துப் போயிரும்னு ஏஜென்ட் கணக்கு. என்னை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெளியீட்டு நாளில் மட்டும் கடையை ஆறரைக்குத் திறப்பார்கள். போன தடவை அந்த நேரத்தில் செருப்புக் கடையைத் தாண்டி வரிசை நின்றது. பால்காரர் வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. இப்போது தெரு காலியாக இருந்தது. அவள் ஷட்டரில் கையை வைத்து வேண்டிக்கொண்டாள். தம்பி தூக்கினான்.

அந்தக் கடை கிழக்கைப் பார்த்த கடை. எப்போதும் பத்து மணிக்குத் திறப்பதால், எழுகிற சூரியன் அந்தக் கண்ணாடியில் சாய்ந்து விழுந்து அவள் பார்த்ததில்லை. போன தடவைகளில் முந்தியே துடைத்து வைத்திருப்பாள், பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. இன்றைக்கு வெயில் பக்கவாட்டில் வந்து கண்ணாடியில் படுத்தது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக எழுந்து நின்றது.

முதலில் அவள் உயரத்தைப் பார்த்தாள். பிள்ளைகளின் விரல் இடுப்பளவில் இருக்கும், பெரியவர்களுடையது மேலே. இங்கே கீழ்வரிசைப் படங்களில்கூட விரல் மேலிருந்து கீழ்நோக்கி வைக்கப்பட்டிருந்தது, உயரமான ஒருவர் குனிந்து வைத்ததுபோல. பிறகு இழுப்பைத் தேடினாள். ஒரு கேமிலிருந்து அடுத்த கேமுக்குப் போகிற கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் மைதொட்டு முத்திரை குத்தியதுபோல ஒற்றை ஒற்றையாக. பிறகு மூக்கு உரசுகிற தூரத்துக்குக் கிட்டே போனாள்.

ஒவ்வொரு அடையாளத்தின் நடுவிலும் குறுக்காக ஒரு வெட்டுக்கோடு.

அவள் எண்ணவில்லை. எண்ணவேண்டிய தேவை இல்லை. அந்தக் கோட்டுக்குக் கட்டுப் போட்டவள் அவள்தான்.

பின்னால் தம்பி நின்றான். அவள் எதைப் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். ஆறு வயதிலும் தப்புச் செய்தால் அந்தக் கையைத்தான் ஒளிப்பான்.

"மொதல்ல ஒண்ணே ஒண்ணுதான்கா வச்சேன்" என்றான். "நீ காய்ச்சலோட வந்து வெறும் கண்ணாடியைப் பாத்தா வேண்டாம்னு சொல்லிருவியேன்னு. நாலு பேரு தொட்ட மாதிரி இருந்தா மத்தவங்களும் வந்து தொடுவாங்கன்னு நினைச்சேன். யாரும் வரல. அப்புறம் நானே..."

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"கேம் வந்துரும்கா. நிஜமாவே வந்துரும்னு நம்பித்தான் வச்சேன்."

அப்போது தையல்காரர் தெருவைக் கடந்து வந்தார். கடை திறந்துவிட்டது என்று வருகிறார் என நினைத்துத் தம்பி ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தான். அவர் உள்ளே வரவில்லை. கைபேசியை நீட்டினார்.

"விடியக்காலை செய்தி பாத்தீங்களாக்கா? அந்தப் பெரிய கேம் இருக்குல்ல, விரைவில்னு போட்டது, அது அடுத்த வருஷக் கடைசிக்குத் தள்ளிப் போயிருச்சாம். போட்டிக் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? அவன் பெட்டிக்கு விலை அறிவிச்சுட்டான். இதுல பாதி. முதல் நாளே பதினாலு கேம்." உள்ளே அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் குரல் இறங்கியது. "எத்தனை எடுத்தீங்க?"

அவள் சொன்னாள். அவர் கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்தார். வந்த வழியே போனார்.

பத்து மணி வரைக்கும் ஒன்பது பேர் வந்தார்கள். ஏழு பேர் விலையைக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் பழைய பெட்டிக்கு ஒரு ரிமோட் வாங்கினார். ஒரு தாத்தா புதுப் பெட்டி ஒன்றை வாங்கினார், பேரனுக்கு. அரை மணி நேரத்தில் பேரனோடு திரும்பி வந்தார். பேரன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "இது வேணாமாம். இதுல ஆடுறதுக்கு ஒண்ணும் இல்லையாம்" என்றார் தாத்தா, தானே தப்புச் செய்துவிட்டதுபோல. அவள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தம்பி அந்தப் பெட்டியை அடுக்கின் உச்சியில் திரும்ப வைத்தான். எண்பதும் சரியாக இருந்தது.

பதினொன்றரை ஆனது. அவள் பின்னால் போய்ப் பத்திரம் சுற்றியிருந்த அந்தப் பழைய துணியை எடுத்தாள். வாளியில் நனைத்துப் பிழிந்தாள். கடை வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியிடம் நீட்டினாள்.

"எழுந்திரு. நீ வச்சதை நீயே துடை."

"திட்டுக்கா. நாலு வார்த்தை திட்டிரு."

"நான் என்னடா திட்டுறது? பதினாறு வருஷமா விரலைப் பாத்தவ. ஒரே விரல்னு தெரியலையே எனக்கு. தெரிஞ்சுக்க மனசு வரல." துணியை அவன் கையில் திணித்தாள். "அழுத்தித் துடை. எண்ணெய் தொட்டு வச்சியா?"

அவன் தலையை ஆட்டினான். துடைக்க ஆரம்பித்தான். கார் போனது. வீரன் போனான். ஒவ்வொரு படத்தின்மேலும் குறுக்கு வெட்டு ஒன்று குழம்பிக் கரைந்து போனது. கடைசியில் மீன் படம் வந்தது. அதன்மேல் வைத்ததுதான் முதல் விரல் போல, காய்ந்து இறுகி நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது. பிறகு அவன் உள்ளே வந்து போஸ்டரின் ஒரு முனையைப் பிடித்துக் கேள்வியாக அவளைப் பார்த்தான். அவள் சரி என்றாள். கிழித்து எடுத்தான்.

கடைக்குள் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கூப்பினாள். ஷட்டரில் கைவைத்து வேண்டுவதுபோல வருகிறவர்களுக்காக வேண்டத்தான் நினைத்தாள். வாயில் வந்தது, யாரும் வரவேண்டாம் என்பதுதான். இன்று ஒரு நாள் மட்டும், அந்த ஒருவர் வரவேண்டாம்.

துடைத்த கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. மருந்துக் கடை தெரிந்தது. தெரு தெரிந்தது, முனைவரை தெரிந்தது. அந்த முனையில், சரக்கின் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, வேன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.